போரைக் கணக்கிட்ட இரசாயனவியலாளர்: ஹேர்மன் ஸ்டவுடிங்கரின் வாழ்க்கை

சில வருடங்களுக்கு முன்னர் கைபேசியில் ஒரு சிறிய காணொளி பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் மெல்லிய பிளாஸ்ரிக் துண்டு ஒன்று ஓர் இடுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு விளக்கின் ஒளி பட்டதும் யாரும் தொடாமலேயே அந்தத் துண்டு வளைந்தது. வேறு நிற ஒளி பட்டதும் பழையபடி நிமிர்ந்தது. மின்கம்பியும் இல்லை, மோட்டாரும் இல்லை. தொட்டாச்சுருங்கி இலையைப் பார்ப்பதுபோல அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

நான் படித்தது ஊடகவியல். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுவிட்டேன். ஆனாலும் ஒரு விடயம் எங்கே தொடங்கியது, யார் தொடக்கினார்கள் என்று பின்னால் போய்ப் பார்ப்பது இந்தத் தொழில் தந்த பழக்கம். அந்தத் துண்டின் பின்னால் போனபோது ஹேர்மன் ஸ்டவுடிங்கர் என்ற ஜேர்மானியரிடம் வந்து சேர்ந்தேன். 1953ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். நாம் தொட்டுப் புழங்கும் பிளாஸ்ரிக், நைலோன், இறப்பர், பருத்தி எல்லாவற்றின் உள்ளமைப்பையும் விளங்கிக்கொள்ள வழி திறந்தவர். பாடப்புத்தகங்களில் அவருடைய கதை இத்தோடு முடிந்துவிடும்.

என்னை அங்கே நிறுத்தியது வேறு கதை. தன்னுடைய நாடு போரில் மூழ்கிக் கிடந்தபோது, அந்தப் போரை வெல்ல முடியாது என்று கணக்குப் போட்டு எழுதிய மனிதர் அவர். அதற்கான விலையைப் பதினாறு வருடங்களுக்குப் பிறகு கொடுத்தார். அந்த விலையை அவர் கொடுத்த விதம் முழுவதும் வீரமானதாக இருக்கவில்லை. அதனால்தான் இதை எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

தச்சுப்பட்டறையிலிருந்து

1881 மார்ச் 23ஆம் திகதி, ரைன் நதிக்கரையில் உள்ள வோர்ம்ஸ் நகரில் ஸ்டவுடிங்கர் பிறந்தார். தந்தை ஃபிரான்ஸ் ஸ்டவுடிங்கர் உயர்பாடசாலை ஆசிரியர். தத்துவம் எழுதியவர், கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவர். படித்த பிள்ளைக்குக் கைத்தொழிலும் தெரிந்திருக்க வேண்டும் என்று நம்பிய அவர், மகனைச் சில மாதங்கள் தச்சு வேலை பழக அனுப்பினார்.

மகனுக்குத் தாவரங்கள் மேல்தான் ஆசை. தாவரவியலைச் சரியாக விளங்கவேண்டுமானால் முதலில் இரசாயனம் படி என்று சொல்லப்பட்டதால் அந்தப் பக்கம் போனார். போனவர் திரும்பி வரவேயில்லை.

1903இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவரை வழிநடத்திய பேராசிரியர் டானியல் ஃபோர்லெண்டர். நான் பார்த்த மஞ்சள் துண்டின் முதல் நூல் இந்தப் பெயரில் இருக்கிறது. 1888இல் பிராக் நகரில் ஃபிரீட்ரிச் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் விசித்திரமான ஒரு பொருளைக் கண்டிருந்தார். அதைச் சூடாக்கினால் 145 பாகைக்குச் சற்று மேலே உருகிக் கலங்கிய திரவமானது. 178 பாகை தாண்டியதும் அந்தக் கலங்கல் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகள். இடையில் இருந்த அந்தக் கலங்கிய நிலை திரவம்போல ஓடியது, பளிங்குபோல ஒளியைக் கையாண்டது. ஓட்டோ லேமன் என்ற பௌதிகவியலாளர் அதை நுணுக்குக்காட்டியில் வருடக்கணக்காக ஆராய்ந்து, திரவப் பளிங்கு என்ற கருத்தை நிலைநாட்டப் போராடினார். நம்பியவர்கள் குறைவு. ஃபோர்லெண்டரோ தன் மாணவர்களுடன் சேர்ந்து அப்படியான பொருட்களை நூற்றுக்கணக்கில் செய்து காட்டினார். நேரான கோல் வடிவ மூலக்கூறுகள்தான் இப்படி நடக்கின்றன என்பதே அவர் கண்ட விதி. தண்ணீரில் மிதந்து போகும் மரக்கட்டைகள் எல்லாம் ஒரே திசையைப் பார்ப்பதுபோல, கோல்கள் ஓடிக்கொண்டே ஒரே திசையில் அடுக்கி நிற்கும்.

ஸ்டவுடிங்கர் திரவப் பளிங்குகளில் வேலை செய்யவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஆய்வுசெய்த காலத்தில் கீற்றீன் என்ற புதிய சேர்வைக் குடும்பத்தைக் கண்டுபிடித்தார். 1907இல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியரானார். அதே கல்லூரியில்தான் லேமன் பௌதிகம் கற்பித்துக்கொண்டிருந்தார். பிரிட்ஸ் ஹாபரும் அங்கேதான் இருந்தார். காற்றிலிருந்து அமோனியா செய்யும் வழியைக் கண்டு, உலகின் பசளைப் பிரச்சினைக்கு விடை கொடுத்தவர் ஹாபர். பின்னர் ஸ்டவுடிங்கரின் வாழ்க்கையில் எதிர்ப்பக்கத்தில் நிற்கப் போகிறவரும் அவர்தான்.

போரின் கணக்கு

1912இல், 31 வயதில், ஸ்டவுடிங்கருக்குச் சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இரண்டு வருடத்தில் முதலாம் உலகப் போர் வெடித்தது. சுவிற்சர்லாந்து நடுநிலை நாடு. எல்லைக்கு அப்பால் அவருடைய சொந்த நாடு எரிந்துகொண்டிருந்தது.

1914 ஒக்ரோபரில் ஜேர்மனியின் 93 அறிஞர்கள் தமது நாட்டுப் படைகளின் செயல்களை நியாயப்படுத்திக் கூட்டறிக்கை ஒன்று வெளியிட்டார்கள். ஹாபர் அதில் ஒப்பமிட்டார். சூரிச்சில் ஸ்டவுடிங்கருக்கு முன்னர் அதே கதிரையில் இருந்த ரிச்சர்ட் வில்ஸ்டெற்றரும் ஒப்பமிட்டார். 1915 ஏப்ரல் 22ஆம் திகதி பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜேர்மன் படைகள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டன. அந்த ஏற்பாட்டை நடத்தியவர் ஹாபர். கார்ல்ஸ்ரூவில் பக்கத்து ஆய்வுகூடத்தில் இருந்த மனிதர்.

ஸ்டவுடிங்கரின் வீட்டில் அரசியல் பேசப்பட்டது. முதல் மனைவி டோரா சூரிச்சின் கூட்டுறவு இயக்கத்திலும் மத சோசலிச வட்டத்திலும் தீவிரமாக இயங்கியவர். ஆனால் 1917இல் ஸ்டவுடிங்கர் எழுதிய கட்டுரை உணர்ச்சிவசமான சமாதான வேண்டுகோள் அல்ல. அவர் செய்தது ஒரு கணக்கு. இக்காலப் போரைத் தீர்மானிப்பது படைவீரரின் துணிச்சலோ தளபதியின் திறமையோ அல்ல, ஒரு நாடு எரிக்கும் நிலக்கரியும் ஓட்டும் இயந்திரங்களும்தான் என்பது அதன் அடிப்படை. இரு தரப்பினதும் இயந்திர வலுவை ஒப்பிட்டார். அந்த ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்கியபின் ஜேர்மனி வெல்ல வழியே இல்லை என்பது அவர் கண்ட விடை. அப்படியானால் நீடிக்கும் ஒவ்வொரு நாளும் வீணாகப் போகும் உயிர்கள். போரை உடனே முடிக்க வேண்டும்.

இதை வாசிக்கும்போது நான் ஒரு கணம் நிறுத்தினேன். தன் தரப்பு வெல்லாது என்று போர் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதுவது எவ்வளவு பெரிய விடயம் என்பது எங்களுடைய வாசகர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர் சரியாகச் சொன்னார் என்பது பின்னாளில் அவருக்கு எந்த வகையிலும் உதவவில்லை. சரியாகச் சொன்னதுதான் குற்றமாயிற்று.

1919இல் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் சஞ்சிகையில் நவீன தொழில்நுட்பமும் போரும் பற்றி அவர் எழுதினார். நச்சுவாயு வழமையான ஆயுதங்களில் இன்னொன்று என்று நினைக்க வேண்டாம். இரசாயனம் போருக்குள் வந்துவிட்டபின் இனிவரும் போர்கள் படைகளோடு நிற்காமல் மக்கள் எல்லோரையும் அழிக்கும் என்பது அதன் சாரம். ஒரு இரசாயனவியலாளரே இப்படி எழுதியதுதான் அதன் பலம்.

ஹாபர் கொதித்தார். வெர்சாய் உடன்படிக்கை என்ற நெருக்கடியில் நாடு சிக்கியிருக்கும் நேரத்தில் ஸ்டவுடிங்கர் ஜேர்மனியைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்று எழுத்தில் குற்றஞ்சாட்டினார். ஸ்டவுடிங்கர் பின்வாங்கவில்லை. யார் முதலில் செய்தார்கள் என்பதல்ல பிரச்சினை, அடுத்த போர் எப்படி இருக்கும் என்று மக்களுக்கு முன்கூட்டியே சொல்லவேண்டிய கடமை தெரிந்தவனுக்கு உண்டு என்பது அவர் நிலைப்பாடு. நச்சுவாயுப் பாவனையைத் தடைசெய்யும் ஜெனீவா நெறிமுறை 1925இல் வந்தது.

நீண்ட சங்கிலி

போர் முடிந்த கையோடு, 39 வயதில், ஸ்டவுடிங்கர் இன்னொரு சண்டைக்குள் இறங்கினார். இந்தமுறை களம் இரசாயனம்.

இறப்பர், பருத்தி, மாப்பொருள், பட்டு, புரதம். இவை எதனால் ஆனவை? அந்தக் காலத்தில் பெரும்பாலான இரசாயனவியலாளர்களின் விடை இதுதான்: இவையெல்லாம் சிறிய மூலக்கூறுகளின் குவியல்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் துகள்கள்போல, பலவீனமான ஈர்ப்பினால் அவை ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. மூலக்கூறு என்றால் அது சிறியதாகத்தான் இருக்க முடியும்.

1920இல் ஸ்டவுடிங்கர் இதை மறுத்து எழுதினார். ஆயிரக்கணக்கான சிறு அலகுகள் சாதாரண, பலமான இரசாயனப் பிணைப்புகளால் கோர்க்கப்பட்டு ஒரே நீண்ட சங்கிலியாக நிற்கின்றன என்றார். அந்தச் சங்கிலி முழுவதும் ஒரு தனி மூலக்கூறு. 1922இல் அதற்குப் பேரணு மூலக்கூறு என்ற பொருள்படும் பெயரையும் வைத்தார். இன்று பல்பகுதியம் என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

அவர் நிரூபணத்துக்கு எடுத்துக்கொண்ட முக்கிய பொருள் இறப்பர். அந்நாளில் உலகச் சந்தைக்குப் போன இறப்பரில் பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தோட்டங்களில் இருந்து போனது. மலாயாவிலும் இலங்கையிலும் அந்த மரங்களில் பால் வெட்டிய கைகளில் பெருந்தொகையானவை தமிழருடையவை. ஐரோப்பாவின் பேராசிரியர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்த பொருளை விடியற்காலையில் சிரட்டையில் ஏந்தியவர்கள் அவர்கள்.

எதிர்த்தரப்பின் வாதப்படி, இறப்பரின் சிறு மூலக்கூறுகளை ஒட்டவைத்திருப்பது அவற்றில் உள்ள இரட்டைப் பிணைப்புகளின் மிச்ச ஈர்ப்பு. அப்படியானால் ஐதரசனைச் சேர்த்து அந்த இரட்டைப் பிணைப்புகளை இல்லாமல் செய்தால் குவியல் சிதறிவிட வேண்டும்; இறப்பர் சாதாரண எண்ணெய்போல ஆகிவிட வேண்டும். ஸ்டவுடிங்கரின் ஆய்வுகூடம் அதைச் செய்தது. சிதறவில்லை. ஐதரசன் சேர்த்த இறப்பரும் கரைத்தால் பசைபோலக் கெட்டியாகவே நின்றது. ஒட்டுப்பசை அல்ல, சங்கிலிதான் என்பதற்கு அது பலமான சான்று.

ஆனாலும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1927ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்ற ஹைன்ரிச் வீலாண்ட், இந்தப் பெரிய மூலக்கூறு எண்ணத்தை விட்டுவிட்டு இறப்பரை நன்றாகச் சுத்திகரிக்கும்படி அவருக்கு நட்போடு ஆலோசனை சொன்னார். சுத்திகரித்தால் அது பளிங்காகி, சிறு மூலக்கூறு என்பது தெரியவரும் என்பது வீலாண்டின் எண்ணம். சூரிச்சை விட்டுப் புறப்படுமுன் அங்குள்ள இரசாயனக் கழகத்தில் ஸ்டவுடிங்கர் பேசியபோது சபை முழுவதும் எதிராக எழுந்தது. மார்ட்டின் லூதர் தன் நம்பிக்கையைக் கைவிட மறுத்து நின்றது ஸ்டவுடிங்கர் பிறந்த அதே வோர்ம்ஸ் நகரில்தான். அன்று அவரும் லூதரைப்போலவே நின்றார் என்பது இரசாயனவியலாளர் மத்தியில் இன்றும் சொல்லப்படும் கதை.

1926இல் வீலாண்டின் இடத்துக்கே, ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் திருமணம் முறிந்திருந்தது. பின்னர் லத்வியாவைச் சேர்ந்த தாவரவியலாளர் மக்டா வோய்ட்டை மணந்தார். அதன்பிறகு வந்த பல கட்டுரைகளில் மக்டாவின் பெயரும் சேர்ந்தே இருக்கும்.

மெல்ல மெல்ல உலகம் அவர் பக்கம் திரும்பியது. அமெரிக்காவில் வோலஸ் கரோதர்ஸ் அலகுகளை ஒவ்வொன்றாகக் கோர்த்து நீண்ட சங்கிலிகளைச் செய்தே காட்டினார். 1935இல் நைலோன் பிறந்தது. ஆனால் ஸ்டவுடிங்கர் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. தன் சங்கிலிகள் விறைத்த கோல்கள் என்று அவர் கடைசிவரை பிடிவாதமாக நம்பினார். உண்மையில் பெரும்பாலானவை நூல்போலத் துவண்டு சுருண்டு கிடப்பவை. கரைசலின் பாகுத்தன்மையிலிருந்து சங்கிலியின் நீளத்தை அளக்க அவர் தந்த விதியும் பின்னர் திருத்தப்பட்டது. தனித்து நின்று வென்றவர்களுக்கு, தாங்கள் பிழைக்கும் இடத்தைக் காண்பது கடினம் போலும்.

ஒரு கையெழுத்து

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஏப்ரலில் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தின் தலைவராகத் தெரிவானவர் உலகப் புகழ்பெற்ற தத்துவஞானி மார்ட்டின் ஹைடெக்கர். அந்த செப்டெம்பரில் ஹைடெக்கர் மாநில அரசின் அதிகாரியிடம் இரகசியமாக ஒரு தகவலைக் கொடுத்தார்: இரசாயனப் பேராசிரியர் ஸ்டவுடிங்கர் அரசியல் ரீதியாக நம்பத்தகாதவர்.

இரகசியப் பொலிஸான கெஸ்டாப்போ விசாரணையைத் தொடங்கியது. சூரிச்சில் இருந்த ஜேர்மன் துணைத்தூதரகத்தின் பழைய கோப்புகள் தூசு தட்டி எடுக்கப்பட்டன. 1917, 1919 எழுத்துகள், போர்க்காலத்தில் சுவிஸ் குடியுரிமைக்கு முயன்றது, தாய்நாட்டுக்காக ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று சொன்னதாகக் கூறப்பட்டது, எதிரிகளுக்கு இரசாயன இரகசியங்களைக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு. எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்தன. 1934 பெப்ரவரி 10ஆம் திகதி ஹைடெக்கர் தன் பரிந்துரையை எழுதினார். ஓய்வூதியத்தோடு அனுப்புவது போதாது, பணிநீக்கமே பொருத்தம் என்பது அதன் முடிவு.

காப்பாற்றியது நீதி அல்ல, புகழ். உலகம் அறிந்த ஒரு விஞ்ஞானியைத் தூக்கி எறிந்தால் வெளிநாடுகளில் என்ன பேசுவார்கள் என்ற யோசனை வந்தது. ஹைடெக்கரும் மார்ச் மாதத்தில் வெளிநாட்டு நோக்கைக் காட்டித் தன் பரிந்துரையைச் சற்று மென்மையாக்கினார். கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஸ்டவுடிங்கர் தானாகவே பதவி விலகக் கேட்பதாக ஒரு கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கடிதம் உடனே பாவிக்கப்படாது. கோப்பில் இருக்கும். சில மாதங்களுக்குள் புதிதாக எதுவும் முறைப்பாடு வராவிட்டால் திரும்பப் பெறலாம்.

அவர் கையெழுத்திட்டார்.

நான் சந்தித்து எழுதிய மனிதர்களில் கையெழுத்துக் கதை இல்லாதவர்கள் குறைவு. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத தாளில், வாசிக்கத் தெரியாத மொழியில், வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக வைத்த கையெழுத்துகள். ஸ்டவுடிங்கருக்கு மொழி தெரிந்திருந்தது, பேராசிரியர் என்ற மதிப்பு இருந்தது, கேட்பதற்கு வெளிநாடுகளில் ஆட்கள் இருந்தார்கள். இரண்டையும் சமப்படுத்த நான் வரவில்லை. ஆனால் கோப்பில் கிடக்கும் ஒரு தாள் மனிதனை எப்படி மாற்றும் என்பதில் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை. தாளைப் பாவிக்கத் தேவையே இல்லை. அது அங்கே இருக்கிறது என்ற நினைப்பே வேலையைச் செய்யும்.

அது வேலை செய்தது. அதே 1934இல், ஜேர்மன் மக்களுக்கு இரசாயனம் எப்படி உதவும், மூலப்பொருட்களில் நாடு எப்படித் தன்னிறைவு அடையும் என்று ஸ்டவுடிங்கர் பத்திரிகையில் எழுதினார். புதிய ஆட்சிக்கு உவப்பான தொனி அது. கடிதம் திரும்பப் பெறப்பட்டது, பதவி நிலைத்தது. போரைப் பற்றி அந்தக் கணக்கு மனிதர் அந்த ஆட்சிக்காலத்தில் பகிரங்கமாக ஒன்றும் எழுதவில்லை. வெளிநாட்டுப் பயணங்களுக்கும் தடை வந்தது. அவர் செய்யக்கூடியதாக இருந்தது ஆய்வு மட்டுமே, அதை அவர் விடாமல் செய்தார்.

அவரைத் துரோகி என்ற ஹாபர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாட்டுக்காக நச்சுவாயுவையே செய்து கொடுத்திருந்தும் 1933இல் அவர் ஜேர்மனியை விட்டுப் போக நேர்ந்தது. 1934 ஜனவரி இறுதியில், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில், வழிப்பயணியாகத் தங்கியிருந்தபோது இறந்தார். அங்கிருந்து கிட்டத்தட்ட அறுபது கிலோமீற்றர் தூரத்தில், பிரைபேர்க்கில், ஸ்டவுடிங்கரின் கோப்பு தடித்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. தேசத்துக்கு எல்லாம் கொடுத்தவரும் கேள்வி கேட்டவரும் ஒரே வருடத்தில் ஒரே ஆட்சிக்கு வேண்டாதவர்களாக இருந்தார்கள்.

ஹைடெக்கர் செய்த காட்டிக்கொடுப்பை வரலாற்றாய்வாளர் ஹூகோ ஒட் 1980களில்தான் ஆவணங்களோடு வெளிக்கொணர்ந்தார். ஸ்டவுடிங்கர் அப்போது உயிரோடு இல்லை.

நவம்பர் 27

1940இல் பிரைபேர்க்கில் பேரணு மூலக்கூறுகளுக்கென்றே தனி ஆய்வு நிறுவனம் ஒன்றை ஸ்டவுடிங்கர் அமைத்தார். இருபது வருடம் கேலி செய்யப்பட்ட ஒரு எண்ணத்துக்குச் சொந்தமாக ஒரு வீடு கிடைத்தது.

1944 நவம்பர் 27 இரவு பிரித்தானிய விமானங்கள் பிரைபேர்க் மீது குண்டு வீசின. அரை மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் பழைய நகரின் பெரும்பகுதி இடிந்து எரிந்தது. சுமார் 2800 பேர் கொல்லப்பட்டார்கள். நடுவே இருந்த பேராலயம் மட்டும் நின்றது. ஸ்டவுடிங்கரின் ஆய்வு நிறுவனமும் அழிந்தவற்றுள் ஒன்று.

இனிவரும் போர்கள் படைகளோடு நிற்காது என்று அவர் எழுதி இருபத்தைந்து வருடங்கள் ஆகியிருந்தன. தன் எச்சரிக்கை பலித்த நகரத்திலேயே அவர் நின்றார். அப்போது அவருக்கு 63 வயது.

பிறகு நடந்ததை விரைவாகச் சொல்லிவிடலாம். இடிபாட்டிலிருந்து திரும்பவும் தொடங்கினார்கள். 1947இல் இந்தத் துறைக்கான சஞ்சிகையை ஸ்டவுடிங்கர் புதிதாக நடத்தத் தொடங்கினார். அதே வருடம், மனிதனுக்கு அடிமையாக இருக்கவேண்டிய இயந்திரங்கள் மனிதனுக்கு எதிராகவே எழுவதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1917இல் தொடங்கிய கணக்கைப் பதின்மூன்று வருட மௌனத்துக்குப் பின் அவர் மறுபடி எடுத்ததாகவே எனக்குப் படுகிறது. 1951இல் ஓய்வு பெற்றார். 1953இல், 72 வயதில், நோபல் பரிசு வந்தது. 1965 செப்டெம்பர் 8ஆம் திகதி பிரைபேர்க்கில் காலமானார். மக்டா அவருக்குப் பிறகு முப்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்து 1997இல் மறைந்தார்.

பலவீனமான பிணைப்புகள் திரும்பி வந்த கதை

இப்போது அந்த மஞ்சள் துண்டுக்குத் திரும்புவோம்.

அந்தத் துண்டில் அசோபென்சீன் என்ற அமைப்பு இருக்கிறது. இரண்டு வளையங்கள், நடுவில் இரண்டு நைதரசன் அணுக்கள். சாதாரண நிலையில் இது நேரான கோல். கழியூதா ஒளி பட்டால் முழங்கை மடிவதுபோல மடங்கும். கட்புலனாகும் ஒளியிலோ சூட்டிலோ மறுபடி நேராகும். கோல்கள் ஒரே திசையில் அடுக்கி நிற்கும் திரவப் பளிங்கு அமைப்பில் இதைச் சேர்த்துவிட்டால், ஒளி படும் பக்கத்தில் கோல்கள் மடங்க அடுக்கு குலையும். அந்தப் பக்கம் சுருங்கும், மறுபக்கம் சுருங்காது. துண்டு வளைகிறது. ஃபோர்லெண்டரின் கோல்களும் அவருடைய மாணவர் ஸ்டவுடிங்கரின் சங்கிலிகளும் இங்கே ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஒளியில் சுருங்கும் திரவப் பளிங்கு இறப்பரை 2001இல் வெளிப்படுத்திய ஆய்வாளர்களில் முதன்மையானவரான ஹைனோ ஃபிங்கெல்மன், ஸ்டவுடிங்கர் உருவாக்கிய அதே பிரைபேர்க் நிறுவனத்தில் பேராசிரியராக இருந்தவர்.

கதையில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. 1989இல் தகாஷி கட்டோ, ஜோன் ஃபிரெஷே என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பல்பகுதியச் சங்கிலியோடு தனியான சிறு மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பால் இணைத்து, கோல்களை உருவாக்கித் திரவப் பளிங்கு செய்தார்கள். ஐதரசன் பிணைப்பு பலவீனமானது. காபன் அணுக்களைக் கோர்க்கும் சாதாரண பிணைப்பின் பலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு மட்டும். தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பதும் பருத்தி நூலின் சங்கிலிகளை அடுக்கிப் பிடித்திருப்பதும் இதுதான். அடுத்த வருடம் ஜோன்-மரி லென்னின் குழு ஒருபடி மேலே போய், சிறு மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்புகளால் மட்டுமே கோர்த்து நீண்ட சங்கிலி செய்து காட்டியது. அது நடந்தது இளம் ஸ்டவுடிங்கர் ஆய்வு செய்த ஸ்ட்ராஸ்பூர்க்கில். அவர் காலத்தில் ஜேர்மனியிடம் இருந்த அந்த நகரம் இப்போது பிரான்சில் இருக்கிறது.

அதாவது, சிறு மூலக்கூறுகள் பலவீனமான ஈர்ப்பால் சேர்ந்து நிற்கின்றன என்று ஸ்டவுடிங்கரின் எதிரிகள் சொன்னது இறப்பரைப் பொறுத்தவரை பிழை. ஆனால் அப்படியொரு பொருளைத் திட்டமிட்டுச் செய்ய முடியும். ஸ்டவுடிங்கர் தோற்கவில்லை. அவர் எந்தப் பிணைப்பு எங்கே இருக்கிறது என்று தெளிவாகக் காட்டியிருந்ததால்தான் மற்றப் பிணைப்பையும் தெரிந்து பாவிக்க முடிந்தது. ஐதரசன் பிணைப்பால் குறுக்காகக் கட்டிய படலங்களும் ஒளிக்கு வளையும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். இவற்றில் ஒரு வசதி உண்டு. பலமான பிணைப்பால் கட்டிய வலையை ஒருமுறை செய்தால் செய்ததுதான். ஐதரசன் பிணைப்பைச் சூட்டினாலோ கரைப்பானாலோ அவிழ்க்கலாம், ஆறவிட்டால் திரும்பச் சேரும். உடைந்ததைப் பழுதுபார்க்கலாம், பழையதை உருக்கிப் புதிதாக வார்க்கலாம்.

இந்தக் கட்டுரையை எழுதும்போது ஸ்டவுடிங்கரை எங்கே வைப்பது என்று பலமுறை யோசித்தேன். 1917இன் துணிச்சலை மட்டும் எழுதினால் அவர் வீரர். 1934இன் கையெழுத்தையும் கட்டுரையையும் மட்டும் எழுதினால் வளைந்து கொடுத்தவர். இரண்டும் ஒரே கை எழுதியவை. போருக்குள் வாழ்ந்த சமூகங்களில் இதைப் புரிந்துகொள்ளக் கூடியவர்கள் அதிகம், இதைப் பேசுபவர்கள்தான் குறைவு. யார் எப்போது பேசினார்கள், யார் எப்போது மௌனமானார்கள் என்று எங்களிடமும் கணக்குகள் இருக்கின்றன. அவற்றைத் தண்டனைக்காக அல்லாமல் விளங்கிக்கொள்வதற்காக எழுதிவைக்க யாராவது வேண்டும். பிரைபேர்க்கில் அதற்கு ஐம்பது வருடம் எடுத்தது.

அவருடைய நிறுவனம் இன்று பிரைபேர்க்கில் ஹேர்மன் ஸ்டவுடிங்கர் இல்லம் என்ற பெயரில் இயங்குகிறது. அது இருக்கும் வீதிக்கு ஸ்டெஃபான் மையர் வீதி என்று பெயர். ஸ்டெஃபான் மையர் அந்த ஊரின் சமூக ஜனநாயகக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர். 1944 செப்டெம்பரில், நகரம் எரிவதற்கு இரண்டு மாதம் முன்னர், மௌட்ஹவுசன் வதைமுகாமில் இறந்தவர்.